ஞாபகப்படுத்தக் கூடாது

அந்தச் சனிக்கிழமை வாங்க வேண்டிய பொருள்கள் ஏழு. காகிதத்தில் ஒன்றும் இல்லை. சீட்டு எழுதிக்கொண்டு கடைக்குப் போகிற ரகம் இல்லை டோரின் டீச்சர்.

லுக்குட் கடைவீதியில் மகள் வனேசா காரை நிறுத்தியதும் அவர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கண்களை மூடினார். மனத்தால் தம் வீட்டுக்குள் நடக்கத் தொடங்கினார்.

"கதவத் தொறந்தா செருப்பு ஸ்டாண்டுல நெத்திலி வரிசையா நிக்குது, ஸ்கூல் அசெம்பிளி மாதிரி. சோபா பூரா தேங்காப்பால் கொட்டிக் கெடக்கு. டிவி மேல கத்திரிக்கா உக்காந்து காலாட்டுது. பிரிட்ஜுக்குள்ள பேட்டரி குளிர்ல நடுங்குது, பாவம். மாதா படத்துக்குக் கீழ பெலாச்சான், எறால் நாத்தம். மாதா மூக்கப் புடிச்சிட்டு நிக்கிறாங்க."

"மம்மி, மாதாவையும் விடலியா நீங்க?"

"அவங்க ஒன்னும் நெனச்சுக்க மாட்டாங்க. என் கட்டில்ல மைதா மாவு போத்திக்கிட்டுத் தூங்குது. ஆறு ஆச்சா? ஏழாவது பாத்ரூம்ல வச்சேன்." கண் திறக்காமலே நெற்றி சுருங்கியது. "உள்ள போறேன். ஒன்னையும் காணோம்லா. எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு."

"போன்ல டைப் பண்ணிருந்தா ஒரு நிமிஷ வேல."

"அப்ப போனுதான் ஞாபகம் வச்சுக்கும். எனக்கு எங்க பழக்கம் வரும்?"

ஆறும் வாங்கியாயிற்று. பேட்டரிக்காக நுழைந்த ஹார்ட்வேர் கடையில் மட்டும் அம்மா வெகு நேரம் நின்றார். துடைப்பம், கயிற்றுச் சுருள், வாளி, ரப்பர் குழாய் என்று கூரையிலிருந்து தொங்கியவற்றை எல்லாம் அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். வனேசா வாசலில் நின்று தொழிற்சாலையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு வெப்பமானி தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது.

"லுப்பா லாகி கா, டீச்சர்?" என்றார் கல்லாவிலிருந்த சீன முதலாளி, தவுக்கே. மறுபடியும் மறந்தாயிற்றா என்று மலாயில்.

"டியாம்லா, தவுக்கே, பேசாம இருங்க. வந்துட்டே இருக்கு."

வரவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாதென்று ஒரு பாக்கெட் துணி கிளிப் வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தார்.

"போன வாரமும் இதே கத. அதுக்கு முந்தின வாரமும் இதே கத. வீட்ல கிளிப்பா சேருது."

"யாருக்கு வாங்குறது மம்மி? அதச் சொல்லுங்க, நான் யோசிக்கிறேன்."

"அது போங்காட்டம். பந்தயம் கட்டிருக்கேன், யாரும் உதவக் கூடாது. விடு வனே. தேடத் தேட ஓடும். விட்டுட்டா திங்கக்கெழமைக்குள்ள தானா வந்து நிக்கும்."

திங்கட்கிழமை காலை, பள்ளிக்குப் புடவை கட்டி முடித்து, தேநீருக்குத் தண்ணீர் வைத்த இடத்தில் அம்மா விழுந்தார். இதயம். மருத்துவர் சொன்ன விளக்கம் வனேசாவுக்குப் புரிந்தது. புரிந்ததால் ஆனது ஒன்றும் இல்லை.

அடக்கம் முடிந்தது. உறவினர்கள் போனார்கள். ஏழாவது பொருள் மட்டும் போகவில்லை.

வனேசா நீலாயில் ஒரு தொழிற்சாலையில் அளவுமானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். ஒரு வேலை பாதியில் நின்றால் அதன் மீது சிவப்பு ஒட்டு ஒட்டப்படும். யாராவது முடித்துக் கையெழுத்துப் போடும்வரை அது அகலாது. அம்மாவின் வாழ்க்கையில் அப்படி ஒட்டோடு நின்ற வேலை, அவளுக்குத் தெரிந்து, இது ஒன்றுதான். மற்றவை எல்லாம் முடிந்திருந்தன, அல்லது யார் கையிலும் இல்லாதவை. இதை மட்டும் ஒரு கடைக்குப் போய் முடித்துவிடலாம். என்னவென்று தெரிந்தால்.

அவள் அம்மா வீட்டுக் குளியலறையில் போய் நின்றாள். சோப்பு இருந்தது. பற்பசை இருந்தது. வாளி, கப், துண்டு எல்லாம் அததன் இடத்தில் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு டெட்டால் வாங்கினாள். பிறகு ஒரு பிரஷ். பிறகு ஒரு கால்மிதி. ஒவ்வொன்றையும் வாங்கிய கையோடு இது இல்லை என்று தெரிந்தது. தவுக்கேயிடம் கேட்டாள். "வருவாங்க, மேல பாப்பாங்க, கிளிப் வாங்கிட்டுப் போவாங்க" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

டோரின் பிறந்தது லுக்குட்டுக்கு உள்ளே தள்ளி, புக்கிட் கெலாடி தோட்டத்தில். அவருடைய அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். சிறு வயதிலிருந்தே டோரின் மறதிக்குப் பேர்போனவர். பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கையில் கவிதை ஒப்புவிக்கும் போட்டியில் மேடையேறி முதல் வரியைச் சொன்னார். இரண்டாம் வரி வரவில்லை. முதல் வரியையே மூன்று ராகத்தில் சொல்லிவிட்டு இறங்கினார். ஆறுதல் பரிசு, ஒரு சீப்பு. பெரியவரான பிறகு ஒரு ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பைக்குள் வீட்டுச் சாவியைப் போட்டுவிட்டு வந்தார். அடுத்த ஞாயிறு பாதிரியார் மறையுரைக்கு முன்னால் சாவியைத் தூக்கிக் காட்டி, "பரலோகத்துச் சாவியா இருக்குமோன்னு பாத்தேன், டோரின் வீட்டுச் சாவிதான்" என்றார். கோயில் முழுக்கச் சிரித்தது. டோரின்தான் அதிகம் சிரித்தார்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஒரு விரிவுரையாளர், மறப்பது நோய் அல்ல, மூளை நாள்தோறும் செய்யும் வேலை என்று சொன்னாராம். கேட்டது படிப்படியாகத் தேயும். தேய்கிற நேரம் பார்த்து நாமே அதைத் தேடி எடுத்தால் முன்னைவிட உறுதியாக உட்காரும் என்றாராம். "அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்குனேன். எனக்கு ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சு போச்சு" என்பார் அம்மா. படிப்பு முடிந்து தம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிக்கே வந்தார். நான்காம் ஆண்டு வகுப்பை எடுத்துக்கொண்டார். பிறகு இடம் மாறவில்லை.

மறதிக்காரர் என்பதால் ஞாபகத்தை அவர் சும்மா கிடைக்கிற பொருளாக நினைத்ததே இல்லை. காலையில் அவருடைய வகுப்பு 'பழைய சோறு' என்ற ஒன்றோடுதான் தொடங்கும். புத்தகம் மூடியிருக்க வேண்டும். நேற்றுப் படித்ததில் இரண்டு கேள்வி, போன வாரத்தில் ஒன்று, போன மாதத்தில் ஒன்று. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பத்து விரல்களையும் விரித்துக் காட்டுவார். ஒவ்வொன்றாக மடக்கி முடிக்கிறவரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கெட்டிக்காரப் பிள்ளைகள் முந்திக்கொண்டு கத்தினால் மற்றவர்கள் தேடுவதை நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. தெரியாதவர்களுக்கு விடை கிடையாது. துப்பு மட்டும். ஆங்கிலத்தில் பேசினாலும் தமிழில் பேசினாலும் பிள்ளைகள் அதைக் க்ளூ என்றுதான் சொல்வார்கள். அதிலும் வரவில்லை என்றால் இன்னொரு க்ளூ. மதிப்பெண் இல்லை, திட்டு இல்லை.

ஒருமுறை மயிலம்மாள் என்ற தாய் சண்டைக்கு வந்தார்.

"என்ன டீச்சர், நேத்துச் சொல்லிக் குடுத்ததையே இன்னிக்கும் கேக்குறீங்களாம். பக்கத்துக் கிளாஸ்ல ரெண்டு பாடம் முன்னால ஓடிட்டாங்க."

"நேத்து உள்ள போடச் சொல்லிக் குடுத்தேன். இன்னிக்கு வெளிய எடுக்கச் சொல்லிக் குடுக்கிறேன். அது வேற பாடம், இது வேற பாடம்மா. சரி, போன வெள்ளிக்கெழம வீட்ல என்ன கொழம்பு வச்சீங்க?"

மயிலம்மாள் யோசித்தார். டீச்சர் விரல்களை மடக்கத் தொடங்கினார். ஐந்தாவது விரலில் மயிலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழம்பு கடைசிவரை வரவில்லை. மறுநாள் காலை மகளிடம் சொல்லி அனுப்பினார்: "முருங்கக்காய்னு டீச்சர்ட்ட சொல்லிடு."

வனேசா இதைத் தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டிருந்தாள். எந்த அளவுமானியும் நாளாக ஆகக் கொஞ்சம் விலகும். அது அதன் குற்றமில்லை. விலகும் என்று தெரிந்து, குறித்த இடைவெளியில் சோதித்துத் திருத்துவதுதான் வேலை. சரியாக இருந்தால் அடுத்த சோதனையைத் தள்ளிப் போடலாம். விலகியிருந்தால் சீக்கிரம் பார்க்க வேண்டும். ஒருநாள் இதை அம்மாவிடம் விளக்கினாள். "இதத்தான்லா நான் சோறுன்னு சொல்றேன். நீ மிஷின்னு சொல்லு, பரவால்ல" என்றார் அம்மா.

வாய்ப்பாட்டுக்கு வேறு ஏற்பாடு. எல்லாப் பெருக்கலும் பிள்ளைகளுக்குத் தொல்லை கொடுப்பதில்லை. சில மட்டும் எத்தனை முறை சொன்னாலும் வழுக்கும். அவற்றை வகுப்பு ஜன்னலுக்கு வெளியே தெரிகிற பொருள்களில் ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி வைத்தார். ஆறேழு நாற்பத்திரண்டு, இரும்புக் கால் தண்ணீர்த் தொட்டியில் நாற்பத்திரண்டு குரங்குகள் குளிக்கின்றன. எட்டொன்பது எழுபத்திரண்டு, மாரியம்மன் கோயில் வளைவில் எழுபத்திரண்டு கோழிகள் தூங்குகின்றன. எவ்வளவு கிறுக்குத்தனமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சாதாரணமாக இருந்தால் மூளை அதைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும் என்பார். வனேசாவும் அந்த வகுப்பில் உட்கார்ந்து படித்தவள்தான். வருடக்கணக்கில் பெருக்கிப் பெருக்கிக் குரங்கும் கோழியும் அவளுக்குள் உதிர்ந்து போயிருந்தன. விடை மட்டும் நின்றது. சாரம் பிரித்த பிறகு சுவர் நிற்பதைப்போல.

தோட்டம் வீட்டுமனைகளாக விற்கப்பட்டபோது பள்ளியும் பெயர்ந்தது. சில மைல் தள்ளி தாமான் என்கிற ஒரு புதிய குடியிருப்பில் மூன்று மாடிக் கட்டடம். தோட்டத்துப் பிள்ளைகள் வேனில் போய்வந்தார்கள். இந்த ஆண்டின் தொடக்கத்தில்தான் அம்மா அங்கே போனார். "சொவரு, தூணு, சொவரு, தூணு. ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமா இருக்கு, ஒன்னையும் மாட்டி வைக்க எடமில்ல" என்று ஒருமுறை குறைப்பட்டார். வனேசா ஆணி அடிக்கச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

அம்மாவின் பொருள்களை எடுத்துக்கொள்ளும்படி தலைமையாசிரியர் குணாளன் போன் செய்தார். வனேசா ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துப் போனாள். ஒரு குடை, ஒரு ஜோடி செருப்பு, இன்னொரு குடை, இன்னுமொரு குடை. எல்லாம் பெட்டியில் அடங்கின.

"நாலாம் ஆண்டப் பாத்துட்டுப் போங்கம்மா. பிள்ளைங்க கேட்டுட்டே இருக்காங்க" என்றார் குணாளன்.

வகுப்பில் ரதி என்ற தற்காலிக ஆசிரியை இருந்தார், இளம்பெண். வனேசாவைக் கண்டதும் எழுந்து நின்று, குரலைத் தாழ்த்தி, "அக்கா, பழைய சோறு ஓடிட்டு இருக்கு. முடிச்சிட்டுப் பேசலாமா? இல்லன்னா மானிட்டர் கோவிச்சுக்கும்" என்றார்.

மானிட்டர் ரோகினி கரும்பலகை முன்னால் பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு நின்றாள். இரட்டைச் சடை, சீருடைப் பையில் சாக்பீஸ் தூள். போன மாதக் கேள்வி போய்க்கொண்டிருந்தது: தண்ணீர் ஆவியாகப் போக என்ன வேண்டும்? விரல்கள் மடங்கி முடிந்தன. விடை வந்தது. வனேசா கடைசி வரிசையில் ஒரு சின்ன நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். அம்மா இல்லாமல் அம்மாவின் வேலை நடந்துகொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. பந்தயம். அம்மா வேறு யாரோடு பந்தயம் கட்டுவார்?

எழுந்து கேட்டாள். "டீச்சர் உங்களுக்காகக் கடையில ஏதாச்சும் வாங்கிட்டு வர்றேன்னு சொல்லிருந்தாங்களா?"

 எல்லாத் தலைகளும் ரோகினி பக்கம் திரும்பின.

"சொல்லிருந்தாங்க" என்றாள் ரோகினி.

"என்னது?"

"சொல்லக் கூடாதுக்கா."

"ஏன்மா?"

"யாரும் ஞாபகப்படுத்தக் கூடாதுன்னு டீச்சர் ரூல் போட்டாங்க. நாங்க ஞாபகப்படுத்துனா அது எங்க ஞாபகம், அவங்க ஞாபகம் இல்ல."

வனேசா ஓர் அடி முன்னால் வந்தாள். "டீச்சர் இப்ப இல்லியேம்மா."

ரோகினி சாக்பீஸைப் பலகைத் தட்டில் வைத்தாள். "தெரியும்க்கா. ஆனா ரூல் இருக்குல்ல?"

"அக்காட்ட சொல்லு ரோகினி, பரவால்ல" என்றார் ரதி. ரோகினி உதட்டை இறுக்கிக்கொண்டாள். முன் வரிசையில் ஜெயந்தன் என்ற ஒல்லிப் பையன் கையைத் தூக்கினான்.

"க்ளூ குடுக்கலாம் டீச்சர்! க்ளூ குடுத்தா தப்பில்ல. டீச்சரே சொல்லிருக்காங்க."

ரூலுக்குள் வழி கிடைத்த சந்தோஷத்தில் வகுப்பே மேசையைத் தட்டியது. ரோகினி ஒப்புக்கொண்டாள். ஒரு க்ளூ, பத்து விரல், அதற்குள் யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

"நம்ம பழைய ஸ்கூல்ல இருந்துச்சு. இங்க இல்ல."

விரல்கள் மடங்கின. "மாமரமா?" என்றாள் வனேசா.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. "மாமரத்தக் கடையில எப்படிக்கா வாங்குறது? கிலோ கணக்குலயா?" என்றான் ஜெயந்தன்.

"ரெண்டாவது க்ளூ. அதுக்கு இங்க வேல இல்ல, அதனாலதான் லாரில ஏத்தல."

"மணி?"

"மணி அந்தா தொங்குது பாருங்கக்கா." பின்னாலிருந்து ஒரு குரல் முணுமுணுத்தது: "அக்காவுக்குக் கஷ்டம்லா. எஞ்சினியரா இவங்க?"

வனேசாவுக்குக் காது சூடேறியது. அதே சமயம் சிரிப்பும் வந்தது. ரோகினி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மிகவும் பின்தங்கிய மாணவியிடம் கேட்கிற பொறுமையோடு, "ஏழெட்டு?" என்றாள்.

"ஐம்பத்தாறு" என்றாள் வனேசா உடனே.

"எங்க இருக்கு?"

 ஐம்பத்தாறு எங்கும் இல்லை. அது வெறுமனே ஐம்பத்தாறு. ரோகினியின் முதல் விரல் மடங்கியது.

வனேசா கண்களை மூடிக்கொண்டாள். பழைய வகுப்பு. ஜன்னலோர மேசை, அதன் மூலையில் யாரோ காம்பஸால் கீறிய மீன். கம்பி வழியாகத் தொட்டி தெரிந்தது. தொட்டிக்குக் கீழே மாமரம். மாமரத்துக்கு இந்தப் பக்கம், ஜன்னலுக்கு நேர் வெளியே, பாசி படிந்த சிமெண்டுத் தரை. ஏன் பாசி? ஈரம். ஏன் ஈரம்? குழாய். எத்தனை முறை திருகினாலும் நிற்காத குழாய். டொக், டொக், டொக். அதற்குக் கீழே எட்டிப் பார்க்கும் தவளைகள், ஐம்பத்தாறு தவளைகள், ஒன்றின் தலையில் ஒன்று ஏறி நின்று...

"வாளி" என்றாள். "சிவப்பு வாளி!"

கூச்சல் கீழ்மாடிவரை போயிருக்க வேண்டும். குணாளன் படியேறி ஓடிவந்தார். அதற்குள் பிள்ளைகள் ஒருவர் பேச்சை ஒருவர் பிடுங்கி முழுக்கதையையும் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பாதியை அவர்கள் சொன்னார்கள், மீதியைக் குணாளன் சொன்னார்.

பள்ளி பெயர்ந்தபோது மேசை, நாற்காலி, மணி, கொடிக்கம்பம் எல்லாம் லாரியில் ஏறின. ஒழுகும் குழாய்க்கு வைத்த வாளியைக் குணாளன்தான் விட்டுவிட்டு வந்தார். "ஒழுகாத கொழாய்க்கு வாளி எதுக்கும்மா? நியாயமாத்தான யோசிச்சேன்?" அந்த வாளிக்குள்தான் பல வருடங்களாக ஏழெட்டு உட்கார்ந்திருந்தது. வாளி உடைந்தால் டீச்சர் இன்னொரு சிவப்பு வாளி வாங்கி வைப்பார். தவளைகள் குடி மாறிக்கொள்ளும். இந்தப் பிள்ளைகளுக்கு அதைப் போன ஆண்டு இறுதியிலேயே, பழைய பள்ளியில் வைத்து, முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார். தொட்டியும் கோயில் வளைவும் பிள்ளைகளுக்கு வேன் போகிற வழியில் தினம் தெரிந்தன. குழாயடி தெரியவில்லை. புதிய பள்ளியின் முதல் வாரம், குணாளன் வகுப்பைப் பார்வையிட வந்து உட்கார்ந்த அன்று, டீச்சர் ஏழெட்டு கேட்டார். வகுப்பு மொத்தமும் ஜன்னல் பக்கம் திரும்பியது. வெளியே வெள்ளைத் தூண்.

"டீச்சர், வாளி இல்ல" என்றானாம் ஜெயந்தன்.

"வேற ஆளா இருந்தா பெரிய சார் முன்னால மானம் போச்சுன்னு நெனச்சிருப்பாங்க" என்றார் குணாளன். "டீச்சர் மேசையப் புடிச்சிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, எனக்கும் தாங்கல. அப்புறம் தூண்ல ஏத்திப் பாத்தாங்க. எல்லாத் தூணும் ஒரே மாதிரி. தவள நிக்கல. வேற வழி இல்ல, ஒரு சிவப்பு வாளி வாங்கிட்டு வர்றேன், கொஞ்ச நாள் இருக்கட்டும், நல்லா ஊறுன பெறகு எடுத்துடலாம்னாங்க."

"மறந்தா பத்து தோப்புக்கரணம்னு பந்தயம்" என்றாள் ரோகினி. "சனிக்கெழம மறந்துடுவாங்க. திங்கக்கெழம கிளாஸுக்குள்ள கால வச்சதும் நெத்தில அடிச்சுப்பாங்க. எங்க மொகத்தப் பாத்தா ஞாபகம் வருதாம். கடையில எங்க மொகம் இல்லியாம்."

வனேசாவுக்கு இப்போது மீதியும் விளங்கியது. பாத்ரூமில் வைத்தேன், எல்லாம் எப்பவும் போலத்தான் இருக்கு. வாளியைக் கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தால் எப்படிக் கண்ணில் படும்? ஊருக்கெல்லாம் கிறுக்குத்தனமாக வைக்கச் சொல்லிக் கொடுத்தவர், தமக்கென்று வரும்போது வாளியை வாளி இருக்கும் இடத்தில் வைத்துவிட்டார். அவளும் அந்தக் குளியலறையில் நின்று அந்த வாளியைத் தாண்டி டெட்டாலைத் தேடியிருக்கிறாள். அடக்கத்துக்குப் பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்போடு கண்ணிலும் வந்தது. ரதி ஒரு டிஷ்யூ நீட்டினார். பிள்ளைகள் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

"ரெண்டு தடவ போட்டாங்க" என்றான் ஜெயந்தன் மெதுவாக. "மூணாவது பாக்கி."

"டேய்!" என்றாள் ரோகினி.

"பாக்கி பாக்கிதானே?"

வனேசா காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தொழிற்சாலைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, கரும்பலகை முன்னால் போய் நின்று, காதுகளைப் பிடித்துக்கொண்டாள். குணாளன் வேண்டாம்மா என்பதற்குள் வகுப்பு எண்ணத் தொடங்கிவிட்டது. ஒன்னு. ரெண்டு. மூணு. ஆறாவதில் முழங்கால் சடக்கென்றது.

"டீச்சருக்கும் அங்கதான் சத்தம் வரும்" என்றாள் ரோகினி.

அதன் பிறகு எண்ணுகிற குரல்கள் கொஞ்சம் தணிந்தன. பத்தில் கைதட்டினார்கள்.

கிளம்பும்போது வனேசா நான்காம் ஆண்டின் ஜன்னலுக்கு வெளியே மாடித் தாழ்வாரத்தில் இருந்த குழாயைப் போய்ப் பார்த்தாள். திறந்தாள், மூடினாள். ஒரு சொட்டு விழவில்லை. மேல்மூடியின் திருகாணியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத லேசா தளத்துனா போதும் சார். நிமிஷத்துக்கு நாலஞ்சு சொட்டு. அளந்து வச்சித் தர்றேன்."

"ஐயோ, புதுக் கொழாய்மா!" குணாளன் பதறினார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். கம்பிகளுக்குப் பின்னால் வரிசையாக மூக்குகள். "சரி, வாளி நெறஞ்சா செடிக்கு ஊத்தட்டும். எப்ப கொண்டு வருவீங்க?"

"சனிக்கெழம லுக்குட் போறேன். திங்கக்கெழம வர்றேன்."

"சனிக்கெழம காலையில ஒரு வாட்ஸப் போட்டு விடட்டுமா?"

"ஞாபகப்படுத்தக் கூடாது சார்!" என்று ஜன்னல் மொத்தமும் கத்தியது.

காரில் மூன்று குடைகளையும் பின்சீட்டில் போட்டுவிட்டு வனேசா போனை எடுத்தாள். பழக்கத்தில் கட்டைவிரல் குறிப்பெழுதும் பக்கத்தைத் திறந்துவிட்டது. மூடினாள். கண்களையும் மூடினாள்.

லுக்குட் கடைவீதிக்குள் நடந்தாள். ஹார்ட்வேர் கடைக்குள் நுழைந்தாள். குளியலறை வேண்டாம். சுற்றிப் பார்த்து, கல்லாவில் உட்கார்ந்திருந்த தவுக்கேயின் தலையில் சிவப்பு வாளியைக் கவிழ்த்தாள். வாளிக்குள்ளிருந்து ஐம்பத்தாறு தவளைகள் குதித்துச் சில்லறைப் பெட்டிக்குள் விழுந்தன. தவுக்கே உள்ளிருந்து லுப்பா லாகி கா என்றார்.

இனி சனிக்கிழமைவரை அது அங்கேயே இருக்க வேண்டும். அம்மா வாங்காமல் விட்டுப்போன ஒரு சிவப்பு வாளி.